பொட்டு வைத்த தூண்

'அந்தத் தூணுக்குப் பொட்டு வைத்த விரலை வெட்டிப் போட வேண்டும்.'

மாதவி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. தோட்ட அலுவலகத்தின் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒரே இடத்தை நான்காவது முறையாகத் துடைக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. அங்கிருந்து நகர்ந்தால் உமாபதியின் மேசைப் பக்கம் போக வேண்டும். போனால் கையிலிருக்கும் துடைப்பக் கட்டை என்ன செய்யும் என்று அவளால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

உதவி மேனேஜர் உமாபதி ஐந்து நிமிடத்துக்கு முன்னால்தான் அதைச் சொன்னார். மத்தியானம் மழை வரும்போல என்று சொல்கிற குரலில் சொன்னார்.

“லயத்துக்கு லைன் இல்ல மாதவி. ஹெட் ஆபீஸ்ல வேணாம்னுட்டாங்க. நீயே அவங்ககிட்டச் சொல்லிரு.”

அவங்ககிட்ட. அவள் அந்த லயத்தில், தொழிலாளர்களின் பதினொரு வீட்டு வரிசையில், நான்காவது வீட்டில் இல்லாமல் வேறெங்கோ இருப்பதுபோல.

சுவரோரம் இரும்பு அலமாரிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த துளசியின் கை நின்றது. திருப்புளி அப்படியே இருந்தது. திரும்பிப் பார்ப்பாள் என்று மாதவி காத்திருந்தாள். துளசி திரும்பவில்லை.

துளசி மாதவியின் நாத்தனார். ரவாங்கில் ஒரு ஒப்பந்தக் கம்பெனியில் இணைய வேலை பார்க்கிறாள்; சுங்கை சோவில் வாடகை வீடு. ஆனால் பிறந்தது இந்தத் தோட்டத்தில், அதே நான்காவது வீட்டில். தோட்டத்து ஆபீசுக்கு இரண்டாவது இணைய லைன் போடும் வேலை அவள் கம்பெனிக்குக் கிடைத்தபோது, ஊர்ப் பெண் என்று அவளையே அனுப்பினார்கள்.

அலமாரியில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. ரவுட்டர். அதன் முகத்தில் வரிசையாகச் சதுரத் துளைகள். முதல் இரண்டுக்கு மட்டும் நீல விளிம்பு. வெளியிலிருந்து வருகிற லைன்கள் நுழையும் வாசல்கள் அவை. ஒன்றில் மஞ்சள் வயர் ஏற்கெனவே செருகியிருந்தது. துளசி பச்சை வயரை எடுத்து இரண்டாவதில் செருகினாள். டிக் என்று சத்தம். சற்று நேரத்தில் ஒரு விளக்கு மினுக்கி, நிலைத்தது.

“ரெண்டும் ஏறிருச்சு சார்,” என்றாள். “மஞ்சள் ரோட்டோரமா வர்ற பழைய லைன். பச்சை லயத்துப் பின்னால வர்ற புது லைன். எல்லா வேலையும் மஞ்சள்லதான் ஓடும். இந்தப் பெட்டி வெளியில ஒரு எடத்த கூப்புட்டுக் கேட்டுக்கிட்டே இருக்கும், இருக்கியா, இருக்கியான்னு. பதில் வரலன்னா பச்சைக்குத் தாவிரும்.”

“மத்த நேரம் பச்சை என்னா செய்யும்?”

“சும்மா இருக்கும் சார்.”

“சும்மாவேவா?”

“சும்மாவேதான். வேணும்னா ரெண்டுலயும் வேலையப் பிரிச்சு விடலாம். ஹெட் ஆபீஸ்ல வேணாம்னாங்க. ஸ்டான்ட்பைன்னுதான் ஆர்டர்.”

“காட்டு பாப்போம்.”

துளசி மஞ்சள் வயரைப் பிடுங்கினாள். வெளியே எடைமேடையில் செம்பனைப் பழக்குலை ஏற்றிய லோரி ஒன்று நின்றிருந்தது. மேசைத் திரையில் அதன் எண்ணும் எடையும் உறைந்தன. உமாபதி மலாயில் விரல் விட்டு எண்ணினார். சத்து, டுவா, திகா, அம்பாட். நாலுக்குத் திரை மறுபடி அசைந்தது. லோரி நகர்ந்தது. லோரிக்காரனுக்கு எதுவும் தெரியாது.

“பாகுஸ்!” என்று உமாபதி கைதட்டினார். “இனிமே இடி விழுந்தாலும் நம்ம லோரி நிக்காது.”

*சும்மா இருக்கும்.* மாதவி வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். அழுக்குத் தண்ணீரைக் கால்வாயில் கொட்டியபோது பாதி அவள் கால்மீதே விழுந்தது.

மூன்று மாதத்துக்கு முன்பு இதே துளசி வந்து சொன்னபோது எவ்வளவு தெளிவாக இருந்தது. ரோட்டோரத்துத் தூண்களில் இடி விழுகிறது, மரம் சாய்கிறது, லைன் போகிறது, எடைமேடை நிற்கிறது, பத்துப் பதினைந்து லோரி வெயிலில் நின்று பழம் கெடுகிறது. இரண்டாவது லைன் வேண்டும். அதையும் அதே தூண்களில் கட்டினால் ஒரு மரம் இரண்டையும் சேர்த்துச் சாய்த்துவிடும். ஆக, வேறு பாதை. வேறு பாதை என்று இருப்பது ஒன்றுதான், லயத்துக் கொல்லைப்புறம். பதினொரு வீட்டின் மிளகாயும் வாழையும் மரவள்ளியும் நிற்கிற இடம்.

நிலம் கம்பெனியுடையது. கேட்காமலே தூண் நட்டிருக்கலாம். ஆனால் இரண்டு வருடத்துக்கு முன்பு அந்தக் கொல்லையை அழிக்க இயந்திரம் வந்தபோது, ஐந்தாவது வீட்டு அன்னம்மா அதன் முன்னால் பாயை விரித்துப் படுத்துக்கொண்டாள். ஒரு பகல் முழுக்க எழுந்திருக்கவில்லை. படமெல்லாம் எடுத்து இணையத்தில் போட்டுவிட்டார்கள். அதிலிருந்து கம்பெனிக்கு அந்தக் கொல்லை என்றால் பயம். அதனால்தான் துளசியை அனுப்பினார்கள். கையெழுத்து வாங்கி வா. லயத்துக்கும் ஒரு பெட்டி வைத்து லைன் தருவோம் என்று சொல். உமாபதி தன் வாயாலேயே அதைச் சொன்னார், மாதவியும் பக்கத்தில் இருந்தாள்.

துளசி தனியாகப் போகவில்லை. மாதவியையும் அழைத்துக்கொண்டாள். பதினொரு வீட்டிலும் இருவரும் உட்கார்ந்து மைலோ குடித்தார்கள். அன்னம்மா மட்டும் கேட்டாள்.

“ஏன்டி மாதவி, எழுதித் தருவானாடி அவன்?”

“சொல்லியிருக்காரு அக்கா. நான் கேட்டேன். நான் சொல்றேன்ல.”

“நீ சொல்றியா? அப்பச் சரி. அவன் சொன்னா போட மாட்டேன், நீ சொல்றன்னு போடுறேன்.”

அன்னம்மாவின் வாழைக் கூட்டத்தின் நடுவில்தான் ஆறாவது தூண் வந்தது. குலை தள்ளியிருந்த மரத்தை அவளே வெட்டிச் சாய்த்தாள். தூண் நட வந்த வங்காளப் பையன்களுக்கு ஆளுக்கொரு வீட்டிலிருந்து சோறு போனது. முதல் தூண் குழியில் இறங்கி நேராக நின்றதும், யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை, எலுமிச்சம்பழம் வந்தது, சூடம் வந்தது. புது மோட்டார்சைக்கிளுக்குச் செய்கிற மாதிரி. மாதவிதான் மஞ்சளைக் குழைத்துப் பூசி, குங்குமத்தை நடுவிரலால் தொட்டு, வரிசையாக ஒன்பது தூணுக்கும் பொட்டு வைத்தாள். வங்காளப் பையன்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை நினைக்கும்போதுதான் உடம்பு எரிந்தது. ஏமாற்றியவர்கள்மீது வரும் கோபத்துக்கு ஒரு திசை இருக்கிறது. நாம் சிரித்ததன்மீது வரும் கோபம் எந்தப் பக்கம் போகும்?

துளசி பின்கட்டுக்கு வந்தாள். இருவருக்கும் சேர்த்து மாதவி கட்டி வந்த பொட்டலங்கள் படிக்கட்டில் இருந்தன. சோறு, நெத்திலிச் சம்பால், கங்குங் கீரை. துளசி பிரித்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தாள்.

“எனக்கு இன்னிக்கி காலையிலதான் தெரியும் அண்ணி.”

“காலையில தெரிஞ்சிச்சில்ல. அப்பறம் ஏன் அந்தப் பச்ச வயர மாட்டுன?”

“மாட்டலன்னா வேற ஆளு வந்து மாட்டுவான்.”

“வரட்டும். வேற ஆளு வந்து மாட்டட்டும். அவன் எங்க வூட்டுல மைலோ குடிச்சானா?”

துளசி கீரையை ஓரத்துக்குத் தள்ளினாள்.

“ஏன் வேணாமாம்?”

“லைன் குடுத்தா அது ஒரு ஆதாரமாயிரும்ன்றாங்க. நாளைக்கி லயத்த காலி பண்ணச் சொல்லும்போது, எங்களுக்கு லைன் குடுத்துருக்கீங்க, அப்ப நாங்க நிரந்தரமா இருக்குறவங்கன்னு கோர்ட்ல காட்டுவோமாம்.”

“ஓ. எங்க கொல்லையில தூண் நின்னா ஆதாரம் இல்ல. எங்க வூட்டுக்குள்ள வயரு வந்தா ஆதாரம்.”

“என் மேல கத்தாதீங்க லா அண்ணி.”

“நான் கத்தல. கத்துனா ஆபீஸ் கூரை நிக்காது.”

துளசிக்குச் சிரிப்பு வந்து, அடக்கிக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: “டெஸ்ட்டு என்னைக்கு?”

“நாளைக்கி. பன்னெண்டு மணிக்கி.”

அதுதான் விஷயம். மாதவியின் கணவன் ரவீந்திரன் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவன். ஒன்றரை வருடத்துக்கு முன்பு ஒரு மழைக்காலத்தில் குலை ஏற்றிய வண்டி பாரிட்டுக்குள், அந்தப் பெரிய வாய்க்காலுக்குள், சரிந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. இரண்டு மணிக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்காவிட்டால் முதுகு புண்ணாகும். மாதவி ரவாங் தொழிற்சாலை வேலையை விட்டாள். காலையில் இரண்டு மணி நேரம் ஆபீசைத் துடைக்க வருவதுகூட அன்னம்மா அவன் பக்கத்தில் உட்காருவதால்தான்.

வீட்டிலிருந்தே செய்கிற ஒரு வேலைக்கு அவள் தேறியிருந்தாள். ஒரு காப்புறுதிக் கம்பெனி, இன்சூரன்ஸ். வாடிக்கையாளர் எழுதிக் கேட்பதற்கும் பேசிக் கேட்பதற்கும் பதில் சொல்ல வேண்டும். மலாய், இங்கிலீஷ், தமிழ் மூன்றும் தெரிந்தவள் என்று நேர்காணலில் அந்தப் பெண் சந்தோஷப்பட்டாள். பாதியில் போன் அறுந்தது. செம்பனை மரங்கள் சிக்னலைக் குடித்துவிடும் இடம் அது. பம்ப் வீட்டுப் பக்கம் போனால் இரண்டு கோடு வரும். பம்ப் வீட்டுக்கு ரவீந்திரனைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. லைன் போட்டுவிட்டுச் சொல்லுங்கள், வெள்ளிக்கிழமை சோதித்துப் பார்த்துவிட்டு எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள்.

நாளை வெள்ளிக்கிழமை.

வீட்டுக்கு வந்தபோது அன்னம்மா ரவீந்திரனின் கட்டிலருகே உட்கார்ந்து நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தாள். இருவரும் ஏதோ சண்டையில் இருந்தார்கள்.

“பாருடி, இந்தப் பய என்னைய கேக்குறான், லைன் வந்தா நீ என்னா பாப்பன்னு.”

“சரி, என்னா பாப்ப? சொல்லேன்,” என்றான் ரவீந்திரன்.

“கெர்லிங்ல இருக்குற என் மவள பாப்பேன். மூஞ்சியப் பாத்து வைவேன். போன்ல வைஞ்சா அவ கேட்டாளா இல்லியான்னே தெரிய மாட்டேங்குது.” எழுந்து சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டாள். “துளசி இன்னிக்கி மாட்டுறாளாமே? நம்ம பெட்டி எப்படி, இன்னிக்கா நாளைக்கா?”

மாதவி அடுப்பைப் பற்ற வைக்கத் திரும்பினாள். “தெரியல அக்கா. கேட்டுச் சொல்றேன்.”

அன்னம்மா வாசல் இறங்கிப் போனாள். மாதவி கணவனிடம் போய், தோளுக்கடியில் ஒரு கையும் இடுப்புக்கடியில் ஒரு கையும் கொடுத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. சுவரைப் பார்த்தவன் ஜன்னலைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான்.

“இல்லன்னுட்டானா?”

“ம்.”

“எனக்கு அப்பவே தெரியும். தூணுக்கு சூடம் காட்டுறப்ப, இங்கருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.”

“அப்பவே சொல்லியிருக்கலாமில்ல?”

“ஆளாளுக்கு சந்தோசமா இருந்தீங்க.”

மூன்று மணிக்கு மழை இறங்கியது. முதலில் செம்பனை ஓலைகளின் மேல் தூரத்தில் ஓசை, பிறகு தகரக் கூரையில் அடி. கடல் பக்கமிருந்து வந்த இடி ஒன்று ஜன்னல் கண்ணாடியை உதறியது. அடுத்தது மெயின் ரோட்டுப் பக்கம் எங்கோ விழுந்தது. மரம் ஒன்று முறிகிற சத்தம் இங்கே வரை கேட்டது. பழைய நாளாக இருந்தால் இந்நேரம் எடைமேடை நின்று, லோரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும். மாதவி காதைக் கூர்மையாக்கினாள். ஒரு ஹாரனும் இல்லை. லோரிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கியர் மாற்றிப் போகும் உறுமல் மட்டும் கேட்டது. கொல்லையில், மழையில் மிச்சமிருந்த குங்குமமும் கரைந்து சிவப்பாக வழியும் தூண்களின் மேலே, ஒரு விரல் கனமான கறுப்பு வயர் வழியாக, அவை எல்லாம் போய்க்கொண்டிருந்தன.

அவள் ஜன்னலை ஓங்கிச் சாத்தினாள்.

மழை விட்டதும் துளசி வந்தாள். தோளில் வயர் சுருள், கையில் சோற்றுத்தட்டு போல ஒரு வெள்ளை வட்டம், வேன் கூரையிலிருந்து இறக்கிய ஏணி. உள்ளே வந்து அண்ணன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஈரச் சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“உமாபதி கூப்புட்டுப் பேசுனாரு. மஞ்சள் லைன் செத்துப் போச்சு, பச்சை தாங்கிருச்சு. ஆளு பறக்குறாரு. உன் அண்ணி கத சொன்னியே, பாவமா இருக்குன்னாரு. ஆபீஸ் கூரையிலேர்ந்து வயரில்லாம இந்தத் தட்டு வழியா நம்ம வூட்டுக்கு மட்டும் விடச் சொல்லிட்டாரு.”

“நம்ம வூட்டுக்கு மட்டும்,” என்றாள் மாதவி.

“ஆமா.”

“பக்கத்து வூட்டு அன்னம்மாக்கா போனுல ஏறுமா?”

துளசி தரையைப் பார்த்தாள். “ஏறாது. உங்க லேப்டாப் மட்டுந்தான் ஏறும். வேற எதையும் உள்ள விடாது. நாந்தான் அப்புடி செட் பண்ணிட்டு வந்தேன். அதான் கண்டிசன்.” பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தாள். “இதுல ஒரு கையெழுத்து.”

மாதவி படித்தாள். மலாயில் நாலே வரி. தொழிலாளர் குடியிருப்புக்கு இணைய வசதி தரப்பட்டுவிட்டது. குடியிருப்போர் சார்பில் இதை ஒப்புக்கொள்கிறேன். தூண்கள் பற்றி மேற்கொண்டு கோரிக்கை எதுவும் இல்லை. கீழே பென்சிலால் ஒரு பெருக்கல் குறி, கையெழுத்துப் போட வேண்டிய இடம்.

“ஒரு வூட்டுக்குக் குடுத்துட்டு லயத்துக்கே குடுத்தாச்சுன்னு எழுதியிருக்கான்.”

“தெரியும்.”

“இதைப் போட்டா, நாளைக்கி அன்னம்மாக்கா போயிக் கேட்டா, உங்க மாதவிதான் வாங்கிக்கிச்சேன்னு காட்டுவான்.”

“தெரியும் அண்ணி! எல்லாம் தெரியும்!” துளசி எழுந்தாள். “நான் என்னா செய்யட்டும்? நாளைக்கி பன்னெண்டு மணிக்கி உங்க டெஸ்ட்டு. அதுக்கு முன்னால எனக்குச் செய்ய முடிஞ்சது இது ஒண்ணுதான். மத்தவங்களுக்கு அப்பறம் பாத்துக்கலாம்.”

“அப்பறம்னு ஒண்ணு அவன் காலண்டர்ல இருக்கா?”

ரவீந்திரன்தான் சொன்னான், ஜன்னலைப் பார்த்தபடியே.

“எடுத்துக்க மாது. ஊர்ல யாரும் எதையும் விட்டுக் குடுக்கல. நீ மட்டும் ஏன்? என்னைய புரட்டிப் புரட்டியே உன் வயசு போவணுமா?”

அவன் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் அவளை அதிகம் கோபப்படுத்தியது. கொடுக்க வேண்டியதைப் பதினொரு வீட்டுக்கும் கொடுக்காமல், அவளுக்கு மிக அதிகமாகத் தேவைப்படுகிற நாளாகப் பார்த்து, அவள் புருஷன் வாயாலேயே வேண்டும் என்று சொல்ல வைக்கிற கெட்டிக்காரத்தனம். நல்லவர்தான் உமாபதி. பாவமாக இருக்கிறது என்கிறார். அவர் பரிதாபத்துக்கு விலை, ஒன்பது தூண், ஒரு வாழைக்குலை, ஒரு கையெழுத்து.

துளசி அவள் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டாள். ஏணியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். கூரைமேல் காலடிகள் கேட்டன. ஆணி அடிக்கிற சத்தம். தட்டை ஆபீஸ் பக்கம் திருப்பித் திருப்பிச் சரிபார்க்கிற நேரம்.

மாதவி மேசையின் முன்னால் உட்கார்ந்தாள். ஒரு மாதமாகத் தயாராக இருக்கிற மேசை. தனுஜா என்கிற சித்தி மகளிடம் வாங்கிய பழைய லேப்டாப், மேலே தூசி படாமல் ஒரு துண்டு. காதில் மாட்டும் கருவி இன்னும் உறையிலேயே. முதல் வாக்கியத்தைக்கூடப் பேசிப் பழகியிருந்தாள். செலாமாட் பாகி, நான் மாதவி, உங்களுக்கு எப்படி உதவலாம். குளிக்கும்போது சொல்லிப் பார்ப்பாள். நாளை மதியம் அதை ஒருவர் காதில் சொல்லலாம். அடுத்த வீட்டில், பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம், அன்னம்மா கேட்டுக்கொண்டிருப்பாள். மறுநாள் காலையில் வந்து ரவீந்திரனின் பக்கத்தில் உட்காருவாள். ஒரு கேள்வியும் கேட்க மாட்டாள். அன்னம்மா கேட்காமல் இருப்பாள் என்பதைத்தான் மாதவியால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஜன்னலுக்கு மேலே பழைய ஆண்டெனா வயருக்காகப் போட்ட ஒரு ஓட்டை இருந்தது. அதில் ஏதோ உரசியது. கறுப்பு வயரின் முனை எட்டிப் பார்த்தது. முனையில் கண்ணாடிபோல் ஒரு சின்னக் கவ்வி. அதனுள் எட்டுச் சன்னமான கம்பிகள் நிறம் நிறமாகத் தெரிந்தன.

“அண்ணி! வயரு வந்திச்சா?”

“வந்திச்சு.”

“இழுங்க. மேச வரைக்கும் எவ்வளவு வேணுமோ இழுத்துக்குங்க. நான் மேலேர்ந்து விடுறேன்.”

மாதவி முக்காலியில் ஏறி நின்றாள். கவ்வியை விரல்களில் பிடித்தாள். மழையில் நனைந்து குளிர்ந்திருந்தது. நடுவிரல் நுனியில் பட்டது.

பின்னால் ரவீந்திரனின் கட்டில் கிறீச்சிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் அன்னம்மா அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள்.

மாதவி வயரை ஓட்டைக்குள் திருப்பி விட்டாள். கொஞ்சம் கொஞ்சமாக, மடங்கிவிடாமல், வந்த வழியே வெளியே தள்ளினாள். கவ்வி இருளில் மறைந்தது. வெளிச்சுவரில் அது தட்டுகிற சின்னச் சத்தம் கேட்டது.

“அண்ணி? என்னா, எதுலயாச்சும் மாட்டிக்கிச்சா?”

“இல்ல. ஒண்ணுலயும் மாட்டல.”

“அப்பறம்?”

“கீழ எறங்கு துளசி. பாத்து எறங்கு, கூரை வழுக்கும். உங்கண்ணன திருப்பிப் போடுற நேரம்.”